குளிர் நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு முதல் செலவு காலுக்குத்தான்

ஆகஸ்டு பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரே விதமான கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, மகளுக்குக் கனடாவுல இடம் கெடைச்சிருச்சு, வின்டர் கோட்டு எங்க வாங்கலாம்?" "தங்கச்சி, பையன் ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போறான், எல்லாத்தையும் இங்கேயே வாங்கிடலாமா?" கேட்பவர்கள் ஸ்கூடாய், மாசாய், கூலாய், குளுவாங் பக்கத்து அம்மா அப்பாக்கள். பலர் தோட்டத்தில் பிறந்து, பட்டணத்துக்கு வந்து, பிள்ளையின் படிப்புக்காக இபிஎஃப் பணத்தில் கைவைத்தவர்கள். அவர்கள் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் உழைத்துச் சேர்த்தது. அது வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

நான் சில ஆண்டுகள் கனடாவின் வின்னிபெக் நகரில் வாழ்ந்துவிட்டு ஜொகூருக்குத் திரும்பியவள். மனிடோபா மாநிலத்தின் தலைநகரான அந்த ஊரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை மைனஸ் 16 டிகிரி அளவில் இருக்கும். இரவில் மைனஸ் 30ஐத் தொட்டாலும் அங்கே யாரும் வியப்பதில்லை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள், பஸ் ஓடும், கடை திறக்கும். நம் பக்கம் விடியற்காலை 23 டிகிரிக்கு இறங்கினாலே போர்வையை இழுத்துக்கொள்கிறோம். மலேசியாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் 7.8 டிகிரி. நம் நாட்டின் மிகக் குளிர்ந்த அந்தப் பொழுது, வின்னிபெக்கில் அக்டோபர் மாதத்துப் பகல் மாதிரிதான்.

ஆகவே இங்கே நமக்குப் பழக்கமான குளிரை வைத்து அங்கே போடும் துணியைத் தீர்மானிக்க முடியாது. நம் வீட்டு அலமாரியில் பாஜு செஜோக் என்று தொங்குவது, ஆபீஸ் ஏர்கோனுக்கும் கெந்திங் மலைக்கும் போதுமானது. அதையே இரண்டு மூன்றாகப் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று நினைக்கும் பெற்றோர் நிறைய. இன்னொரு பக்கம், பயந்துபோய் இங்கேயே ஆயிரக்கணக்கில் செலவழித்து, பெட்டி முழுக்கக் கோட்டுகளை அடைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: உடம்பை ஒட்டிப் போடுவதை ஜொகூரில் வாங்குங்கள். கோட்டையும் பூட்ஸையும் போய்ச் சேரும் ஊரில் வாங்குங்கள். அங்கே செலவழிக்கும் முதல் பணம் காலுக்குப் போகட்டும்.

முதலில் ஊரைப் பாருங்கள்

வெளிநாடு என்றாலே ஒரே குளிர் என்று நினைத்துவிடுகிறோம். நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகும் வோல்கோகிராட், குர்ஸ்க் நகரங்களில் ஜனவரிச் சராசரி மைனஸ் 6, 7 அளவில்தான். டொரொண்டோவில் மைனஸ் 4 அளவு. மலேசிய மாணவர்கள் நிறையப் பேர் போகும் டப்ளினில் ஜனவரியிலும் சராசரி 5 டிகிரி இருக்கும். பனி அபூர்வம், ஆனால் மழையும் காற்றும் ஓயாது. டப்ளினுக்குப் போகும் பிள்ளைக்கு மைனஸ் 30க்கான கோட்டு பாரம்தான். அவளுக்கு வேண்டியது தண்ணீர் புகாத, காற்று புகாத மேல்சட்டையும் உள்ளே ஒரு கம்பளி ஸ்வெட்டரும். வின்னிபெக், எட்மண்டன், சாஸ்கட்டூன் போகிறவர்களின் கதை வேறு. இந்தப் பதிவில் நான் அதிகம் பேசப்போவது அந்தக் கடுங்குளிர் ஊர்களைப் பற்றி.

ஊருக்கு அடுத்து, பிள்ளை எப்படிப் போய்வரப் போகிறது என்று கேளுங்கள். விடுதியிலிருந்து வகுப்புக்கு உள்வழியாகவே நடந்துபோக முடியுமா? பஸ்ஸுக்கு நிற்க வேண்டுமா? இரவு வேலை முடிந்து நடந்து வரவேண்டுமா? ஒரே ஊரில் காரில் போகிறவருக்கும் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் தேவை வேறு வேறு. நடக்கிறவருக்கு உடம்பு தானே சூடேறும். நிற்கிறவருக்குத்தான் குளிர் எலும்பு வரை இறங்கும். துணியைத் தேர்ந்தெடுக்கும்போது, நாளில் அதிக நேரம் அசையாமல் நிற்கப்போகும் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் எப்படி உடம்பைத் தாக்குகிறது

இதைப் புரிந்துகொண்டால் கடையில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. நம் தோலைச் சுற்றி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. வெளிக்காற்று வீசினால் அது கலைந்துபோகும். உடம்பு மறுபடி சூடேற்றும், காற்று மறுபடி கலைக்கும். இந்த இழப்பைச் சொல்லத்தான் கனடா வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு 'விண்ட் சில்' என்று இன்னொரு எண்ணையும் தருகிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001இல் கொண்டுவந்த சூத்திரத்தில் கணக்கிடுவது அது. வெப்பநிலை மைனஸ் 20, காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் மூடாத தோலுக்கு அது மைனஸ் 33க்குச் சமம். அந்த எண் மைனஸ் 28க்கும் 39க்கும் இடையில் இருந்தால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடமே போதும். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்காக நிற்கும் நேரம் அது. ஆகவே பிள்ளைகள் காலையில் பார்க்க வேண்டியது விண்ட் சில் எண்ணை.

இரண்டாவது, எந்தத் துணிக்கும் தானாகச் சூடு கிடையாது. துணியின் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. இறுக்கமாக நாலு சட்டை போட்டால் இடையில் காற்றுக்கு இடமில்லை, குளிரும். கொஞ்சம் தளர்வாக மூன்று அடுக்கு போட்டால் குளிராது. இதை ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். கரிபூ மான் தோலில் இரண்டு அடுக்கு உடை தைப்பார்கள். உள்ளடுக்கின் ரோமம் உடம்பைப் பார்த்திருக்கும், வெளியடுக்கின் ரோமம் வெளியே பார்த்திருக்கும், இரண்டும் தொளதொளவென்று இருக்கும். இன்று கடைகளில் தலைமூடியுடன் தொங்கும் நீளமான பார்கா கோட்டு அந்தப் பழைய உடையின் வழிவந்தது.

மூன்றாவது, ஈரம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வியர்வையில் நனைந்த உள்சட்டையோடு மைனஸ் 25இல் நின்றால் எவ்வளவு விலையுயர்ந்த கோட்டாலும் காப்பாற்ற முடியாது. இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் கவனிக்க வேண்டும். நாம் பிறந்ததிலிருந்து பருத்தியிலேயே வளர்ந்தவர்கள். பனியன், டீசர்ட், ஜீன்ஸ், காலுறை எல்லாம் பருத்தி. வெயிலுக்கு அதைப்போலச் சுகம் வேறில்லை. ஆனால் பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் தோலுக்கு நனைந்த மாதிரி தெரியாது. பாலியெஸ்டர் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, சட்டென்று காயும். உடம்பைத் தொடும் முதல் அடுக்கில் பருத்தி வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான்.

ஜொகூரில் வாங்க வேண்டியவை

முதலில் உள்ளாடை, அதாவது தெர்மல். ஜொகூர் பாரு பேரங்காடிகளில் இருக்கும் யூனிக்லோவில் ஹீட்டெக் என்று விற்பது பலருக்கும் தெரியும். 2003இல் ஜப்பானில் அறிமுகமானது. அதில் உள்ள ரேயான் இழை உடம்பிலிருந்து எழும் ஈர ஆவியை உறிஞ்சும்போது சிறிது வெப்பம் பிறக்கிறது. மற்ற இழைகள் அதைத் தக்கவைக்கின்றன. அதில் மூன்று தடிமன்கள் உண்டு. வகுப்பறையிலும் நூலகத்திலும் பொழுதைக் கழிக்கும் மாணவருக்கு மெல்லியதும் நடுத்தரமும் போதும். அங்கே கட்டடத்துக்குள் எப்போதும் 20 டிகிரிக்கு மேல் சூடாக்கி வைத்திருப்பார்கள், மிகத் தடித்ததைப் போட்டுக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார முடியாது. மேலுக்கும் காலுக்குமாக மூன்று அல்லது நான்கு ஜோடி வாங்கினால் வாரத் துணி துவைப்புக்குச் சரியாக இருக்கும். வெளியில் நின்று வேலை செய்யப் போகிறவர், பனிச்சறுக்கு விளையாட ஆசைப்படுகிறவர் மெரினோ கம்பளியில் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம். விலை கூடுதல், ஆனால் வியர்த்தாலும் நாறாது.

அடுத்து நடு அடுக்கு. டெக்கத்லானில் கிடைக்கும் பாலியெஸ்டர் ஃபிளீஸ் மேல்சட்டை மலிவு, எடை குறைவு, துவைத்தால் உடனே காயும். முழு ஜிப் வைத்ததாக வாங்குங்கள். பஸ்ஸில் ஏறியதும் திறந்துவிடலாம், இறங்கும்போது மூடிக்கொள்ளலாம். கழுத்து வழியாகக் கழற்றும் சட்டைகளை அங்கே வகுப்பறையில் அடிக்கடி கழற்றி மாட்டுவது தொல்லை.

மூன்றாவது, காலுறை. கம்பளி கலந்த தடித்த காலுறை நாலைந்து ஜோடி. லேபிளில் கம்பளியின் விழுக்காட்டைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 'வின்டர்' என்று அச்சிட்ட உறையைப் பிரித்தால் உள்ளே முழுக்க அக்ரிலிக்கும் பருத்தியுமாக இருப்பது உண்டு.

நாலாவது, மெல்லிய உள் கையுறை, கழுத்தை மூடும் குழாய் வடிவ உறை, காதை மூடும் தொப்பி. இவை மூன்றும் எடையில்லாதவை. உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2008இலேயே எழுதியது. தலை வழியாகப் போவது அதன் பரப்பளவுக்கு ஏற்ற பங்குதான், பத்தில் ஒன்று அளவு. இருந்தாலும் தொப்பி கட்டாயம் வேண்டும். காதுமடலும் மூக்கு நுனியும் கன்னமும்தான் முதலில் உறையும்.

பண்டல் கடைகளைப் பற்றி

ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வரும் பழைய துணி பண்டல் கடைகள் நம் மாநிலம் முழுக்க உண்டு. ஜொகூர் பாரு பசார் காராட்டில் மாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும், டீசர்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும் தான் அங்கே போட்டி. தடித்த கம்பளிக் கோட்டை இந்த வெயிலில் யார் தொடுவார்? அதனால் நல்ல கம்பளி ஸ்வெட்டர்களும் மஃப்ளர்களும் மிக மலிவாகக் கிடைக்கும். பழையதை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்று கூச்சப்பட வேண்டாம். கனடாவிலும் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஜப்பானிய அளவு நம் அளவைவிடச் சிறியது, உள்ளே ஃபிளீஸ் போட்டுக்கொண்டு மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜிப்பை மேலும் கீழும் பல முறை இழுத்துப் பாருங்கள். உறைந்த கையோடு அறுந்த ஜிப்பைச் சரிசெய்ய முடியாது. அக்குள், கழுத்துப் பட்டையில் பூஞ்சை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். மிக முக்கியமாக, பண்டலில் பனிக்காலப் பூட்ஸ் வாங்கவே வாங்காதீர்கள். அந்தக் காலணிகளில் பலவற்றின் அடிப்பாகம் பாலியூரிதேன். நம் ஊர் ஈரப்பதத்தில் அது உள்ளுக்குள்ளேயே மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும், வெளியே புதிது போலவே தெரியும். போட்டு நடந்தால் நடுவழியில் உதிர்ந்துவிடும். பனியில் நடக்கும்போது அப்படி ஆனால் அது ஆபத்து.

போய்ச் சேர்ந்த பிறகு: பூட்ஸ்

செப்டம்பரில் போய்ச் சேரும் பிள்ளைக்கு அவகாசம் இருக்கிறது. அந்த மாதம் வின்னிபெக்கில் பகலில் 19 டிகிரி வரை இருக்கும். இரவுதான் குளிரும். பனி தரையில் நிலைத்து நிற்க நவம்பர் ஆகிவிடும். அதற்குள் மூத்த மாணவர்கள் என்ன போடுகிறார்கள், தான் எந்த வழியில் நடக்கப்போகிறோம் என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

முதலில் பூட்ஸ் ஏன்? கோட்டு கொஞ்சம் மெலிந்திருந்தால் உள்ளே இன்னொரு ஃபிளீஸைப் போட்டுச் சமாளிக்கலாம். பூட்ஸ் சரியில்லை என்றால் வேறு வழியே கிடையாது. அதோடு அங்கே குளிரைவிட அதிகம் பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழுக்கி விழுவதுதான் என்பது நான் பார்த்த அனுபவம். பகலில் லேசாக உருகி இரவில் மறுபடி உறைந்த நடைபாதை கண்ணாடி போல இருக்கும். மேலே தூள்பனி மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது.

டொரொண்டோ மறுவாழ்வு மருத்துவ ஆய்வு நிலையத்தில் இதற்காகவே ஒரு குளிர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஐஸ் தரையைச் சாய்த்து, அதன்மேல் ஆட்களை நடக்கவிட்டு, எந்தப் பூட்ஸ் எத்தனை டிகிரிச் சரிவில் வழுக்குகிறது என்று பார்க்கிறார்கள். 2016இல் அவர்கள் முதலில் வெளியிட்ட முடிவில் 98 வகைப் பூட்ஸ்களைச் சோதித்திருந்தார்கள். அடிப்படைத் தகுதியைத் தொட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடையில் பனிக்காலப் பூட்ஸ் என்று விற்பதாலேயே அது வழுக்காது என்று நம்ப முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். அவர்கள் தரும் மதிப்பெண் பனிப்பூ அடையாளமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளைகள் கடைக்குப் போகும் முன் அதைப் பார்க்கட்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. அடிப்பாகம் மிருதுவான ரப்பராக இருக்க வேண்டும், குளிரில் விறைத்துப்போகும் பிளாஸ்டிக் வழுக்கும். உள்ளே இருக்கும் கம்பளிப் பஞ்சு உறையைத் தனியாகக் கழற்ற முடிந்தால் நல்லது. இரவில் எடுத்து உலர்த்திவிட்டு மறுநாள் காய்ந்ததைப் போடலாம். கணுக்காலுக்கு மேல் உயரம் வேண்டும். தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் அளவு பாருங்கள், விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடிய வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சீக்கிரம் விறைக்கும். பெட்டியில் மைனஸ் 40 என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது. அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று. கனடா வீடுகளிலும் நம் வீட்டைப் போலவே வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும். கோயிலுக்குப் போனாலும் அப்படியே. நாடா கட்டி அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆகும் பூட்ஸை விடப் பக்கவாட்டில் ஜிப் வைத்தது சௌகரியம்.

அடுத்துக் கோட்டு

கோட்டு தொடை வரை நீண்டிருக்க வேண்டும். இடுப்போடு நிற்கும் ஜாக்கெட் பார்க்க அழகு, ஆனால் பஸ் நிற்குமிடத்தில் காற்று தொடையைத்தான் முதலில் பிடிக்கும். தலைமூடி கோட்டோடு சேர்ந்திருக்க வேண்டும், அதன் ஓரத்தில் ரோமம் அல்லது ரோமம் போன்ற விளிம்பு இருந்தால் முகத்துக்கு வரும் காற்றின் வேகம் குறையும். ஜிப்புக்கு மேல் காற்றை மறைக்கும் மடிப்பு, மணிக்கட்டில் இழுவைப் பட்டை, கீழிருந்தும் திறக்கும் இருவழி ஜிப், உள்பை, இவை நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடுங்குளிரில் கைப்பேசி பேட்டரி சட்டென்று செத்துவிடும், உடம்பை ஒட்டிய உள்பையில்தான் அது உயிரோடு இருக்கும்.

உள்ளே அடைப்பது இரண்டு வகை. வாத்து, பெருவாத்தின் மென்சிறகு லேசானது, மிகச் சூடானது, ஆனால் நனைந்தால் சுருண்டு பயனற்றுப்போகும். செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம், ஆனால் நனைந்தாலும் ஓரளவு காக்கும், விலையும் குறைவு. வின்னிபெக் குளிர் வறண்ட குளிர், பனி தூளாக விழும், அங்கே மென்சிறகு நன்றாக உழைக்கும். ஈரப்பனியும் மழையும் மாறி மாறி வரும் கடலோர ஊர்களுக்குச் செயற்கைப் பஞ்சே மேல். மென்சிறகுக் கோட்டில் 550, 700, 800 என்று எண் போட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் சிறகு எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதன் கணக்கு அது. எண் கூடினால் அதே சூட்டுக்குக் கோட்டு லேசாக இருக்கும். எத்தனை சிறகு அடைத்திருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் சூடு தெரியும். மாணவருக்கு 550, 600 தாராளம்.

ஆயிரம் கனடா டாலருக்கு மேல் விலையுள்ள பெயர்பெற்ற கோட்டுகளைப் பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். கனடியன் டயர், மார்க்ஸ் போன்ற சாதாரணக் கடைகளில் அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குள் பல ஆண்டு உழைக்கும் கோட்டு கிடைக்கும். டிசம்பர் 26 பாக்ஸிங் டே தள்ளுபடி, பிப்ரவரி கடைசியில் வரும் பருவ இறுதித் தள்ளுபடி இரண்டும் அடுத்த ஆண்டுக்கு வாங்க நல்ல நேரம். பழைய துணிக் கடைகளும் ஏராளம். மெனோனைட் திருச்சபையாரின் எம்சிசி கடைகள் 1972இல் மனிடோபாவின் ஆல்டோனா ஊரில்தான் தொடங்கின. அங்கே விற்கும் பணம் நிவாரணப் பணிகளுக்குப் போகிறது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மூத்த மாணவர்களிடம் கேட்டால் நல்ல கோட்டுகளைச் சும்மாவே தருவார்கள். நம் பிள்ளைகளுக்குள் அந்தப் பழக்கம் இன்னும் வளர வேண்டும்.

கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு. விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றும். இங்கிருந்து கொண்டுபோன மெல்லிய கையுறையை உள்ளே போட்டு மேலே மிட்டன் போட்டால், பஸ் அட்டையை எடுக்கும்போதும் தோல் வெளியே தெரியாது.

சேலை, மெட்டி, குழந்தைகள்

பொங்கலும் தைப்பூசமும் சரியாகக் கடுங்குளிரில்தான் வரும். சேலை கட்ட முடியாது என்று பெண்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ், ரவிக்கைக்குள் மெல்லிய தெர்மல் சட்டை, சேலைக்கு மேல் நீளக் கோட்டு, காலில் பூட்ஸ். கொசுவத்தை ஒரு சாண் தூக்கிச் செருகிக்கொண்டால் பனியில் நனையாது, கோயிலுக்குள் போனதும் இறக்கிவிட்டுக்கொள்ளலாம். மெட்டி போட்டிருப்பவர்கள் தடித்த காலுறைக்குள் அது விரலை அழுத்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் வெளியில் நிற்கும் நாளில் கழற்றி வைப்பதில் தவறில்லை. தொங்கும் உலோகக் காதணியும் அப்படித்தான், காதுமடலின் சூட்டை இழுக்கும்.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். காரில் குழந்தை இருக்கையில் உட்காரவைக்கும்போது தடித்த பனிக்கோட்டோடு பட்டையை மாட்டக் கூடாது. மோதல் நேர்ந்தால் கோட்டின் உப்பல் அமுங்கி, பட்டை தளர்ந்து, குழந்தை வெளியே எறியப்படலாம். மெல்லிய ஃபிளீஸோடு பட்டையை இறுக்கி, மேலே போர்வை போர்த்துங்கள். அங்கே பள்ளிகள் கடுங்குளிரிலும் பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பும். ஆகவே தோளிலிருந்து கால்வரை மூடும் பனி உடையும் இரண்டு ஜோடி மிட்டனும் வேண்டும். கைச்செலவு நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களுக்கு வின்னிபெக்கில் யுனைடெட் வே நடத்தும் 'கோட்ஸ் ஃபார் கிட்ஸ்' திட்டத்தில் குழந்தைகளுக்கு இலவசக் கோட்டு கிடைக்கும். கேட்டு வாங்கிக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

ஜனவரியில் புறப்படுகிறவர்களுக்கு

ஜனவரிச் சேர்க்கையில் போகிறவர்களுக்கு மட்டும் என் விதி மாறும். விமான நிலையக் கதவைத் திறந்த அந்த நிமிடமே மைனஸ் 20 காத்திருக்கும். அவர்கள் இங்கேயே காற்றுப் புகாத, தலைமூடியுள்ள ஒரு கோட்டு வாங்க வேண்டும். யுனிவர்சல் டிராவலர் போன்ற நம் நாட்டுக் கடைகளில் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களிடம் இரவல் வாங்கினாலும் சரி. அந்தக் கோட்டு, தொப்பி, கையுறை, தடித்த காலுறை நான்கும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி வழியில் தங்கிவிட்டால் உடம்பில் இருப்பதுதான் துணை. கடைசி விமானத்தில் ஏறும் முன் தெர்மலைப் போட்டுக்கொள்ளட்டும். யாராவது காரில் வந்து அழைத்துப்போக முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். மறுநாளே பூட்ஸ் வாங்கிவிட வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கோட்டையும் பூட்ஸையும் ஜொகூர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போவதுண்டு. நம் ஈரக்காற்றில் கம்பளி பூஞ்சை பிடிக்கும், பூட்ஸ் அடி உதிரும். முடிந்தவரை அங்கேயே நண்பர் வீட்டில் விட்டு வரச் சொல்லுங்கள். இங்கே வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் நன்றாகக் காயவைத்து, சிலிகா ஜெல் பைகளோடு மூடிய பெட்டியில் போட்டு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். மென்சிறகுக் கோட்டை அழுத்திச் சுருட்டி வருடக்கணக்கில் வைக்காதீர்கள், உப்பல் போய்விடும். கம்பளியை வெந்நீரில் துவைத்தால் சுருங்கிவிடும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் பிள்ளையின் கையில் கொடுக்கும் பணத்தில், கனடா டாலரில் 400 அளவுக்கு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, இது பூட்ஸுக்கும் கோட்டுக்கும் மட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அங்கே போன பிறகு புத்தகச் செலவும் வாடகையும் வரும்போது, வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்துப் பிள்ளைகள் முதலில் வெட்டுவது தங்கள் உடைச் செலவைத்தான். சாதாரண ஸ்னீக்கரோடு பனியில் நடந்த நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அக்டோபர் மாதம் ஒரு நாள் போன் போட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்கும் அதே மூச்சில் "பூட்ஸ் வாங்கிட்டியா?" என்றும் கேளுங்கள். வாங்கவில்லை என்றால், அந்த வாரமே வாங்கச் சொல்லுங்கள்.